பூனைக்கு வாங்கிய இறைச்சி

எங்கள் கடையில் பூனைக்கென்று வாய்விட்டுச் சொல்லி இறைச்சி வாங்கிய ஒரே ஆள் ராத்தாதான். மற்றவர்களும் வாங்கியிருப்பார்கள், சொல்ல மாட்டார்கள். "கொஞ்சம் சவ்வும் சேத்துப் போடுங்க" என்று மழுப்பிவிட்டுப் போய்விடுவார்கள். ராத்தா அப்படியில்லை. சனம் முண்டியடிக்கிற வெள்ளிக்கிழமைக் காலையிலும் நேரே தராசடிக்குப் போய் நிற்பார்.

"பூனைக்குத் தம்பி. மண்ணீரலும் நெஞ்சுப் பக்கத்தில கொஞ்சமும் போடுங்க. இது எங்கால வந்த மாடு?"

என் கணவர் பதில் சொல்லியாக வேண்டும். சொல்லாமல் பொதியைக் கட்டி நீட்டினால் ராத்தாவின் கை நீளாது. பின்னால் நிற்பவர்கள் சிரித்தாலும் முணுமுணுத்தாலும் அவருக்குக் கவலையில்லை. "சவளக்கடைப் பக்கம் ராத்தா. தெரிஞ்ச ஆள்ற மாடுதான்" என்று கேட்ட பிறகுதான் வாங்கிக்கொள்வார். அவர் எனக்குக் கூடப்பிறந்தவர் இல்லை, பக்கத்து வளவுக்காரர். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர் என்பதால் ராத்தா. பிறகு எங்கள் ஒழுங்கை முழுவதற்கும் அவர் ராத்தாவாகிவிட்டார்.

அந்த "எங்கால", எங்கிருந்து என்ற கேள்வி பூனைகளால் வந்த பழக்கம் என்று நினைத்துவிட வேண்டாம். எனக்குச் சீதனமாகக் கட்டிய வீட்டுக்கு நாங்கள் குடிவந்த அன்றே அதை நான் கேட்டுவிட்டேன். சனமெல்லாம் வீட்டைச் சுற்றிப் பார்த்து மாஷா அல்லாஹ் சொல்லிக்கொண்டிருக்க, ராத்தா சுவரை நகத்தால் சுரண்டி, "இந்த மணல் எங்கால எடுத்த? கடல் மணலா, ஆத்து மணலா?" என்று என் வாப்பாவிடம் கேட்டார். வாப்பா அன்று விருந்துக்காரர்களைக் கவனிக்கிற சாக்கில் நழுவியதை நான் பார்த்தேன். சில மழைக்காலம் போன பிறகு பூச்சு பொருக்குப் பொருக்காக உதிர்ந்தபோது எனக்கு வாப்பா மேல் வந்த கோபத்தைவிட ராத்தா மேல்தான் அதிகம் வந்தது.

அரிசி வாங்கினால் எந்த வயல் வட்டையில் விளைந்தது என்று கேட்பார். ஒருவர் வீட்டில் கலியாணப் பேச்சு என்றால் மாப்பிள்ளையின் குடி எது, அவனுடைய உம்மாவின் உம்மா எந்த ஊர் என்று போவார். மீன்காரரைத்தான் பாடாய்ப் படுத்துவார். எந்தத் தோணி, எந்த வலை, ஒலுவில் பக்கமா மருதமுனைப் பக்கமா என்று கேட்டுக் கேட்டு மனிதர் சைக்கிளை விட்டு இறங்கவே யோசிப்பார்.

"ராத்தா, அடுத்த தரம் வரக்குள்ள மீனுட உம்மா வாப்பா பேரையும் விசாரிச்சிட்டு வாறன்" என்றார் ஒருநாள்.

"ஓம், விசாரிச்சிட்டு வாங்க" என்றார் ராத்தா, சிரிக்காமல். "நல்ல குடும்பமெண்டா ரெண்டு கூட எடுக்கிறன்."

பூனைகள் அவருடையவை அல்ல, மகளுடையவை. ராத்தாவின் கணவர் பிள்ளை தவழும் முன்பே மௌத்தாகிவிட்டார். ஒரே மகள். வீதியில் எந்தப் பூனை குட்டி போட்டாலும் ஒன்று அவளுடைய சட்டைக்குள் ஒளிந்து வீட்டுக்கு வந்துவிடும். ராத்தா வழக்கம்போல "இது எங்கால?" என்பார். மகள் பதிலுக்குப் பெரிய கதையாகக் கட்டுவாள். பூனை கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தது, கல்முனையில் இறங்கி வழி கேட்டது, நான்தான் கூட்டிவந்தேன் என்று. அந்தக் கதைகளில் மட்டும் ராத்தா குறுக்குக் கேள்வி கேட்டதில்லை. அப்படித்தான் சாம்பல் நிறத்தில் ஒன்று, வெள்ளையில் ஒன்று, இன்னும் இரண்டு மூன்று என்று அந்த வீடு பூனை மயமானது. சாம்பலி என்றால் மகளுக்கு உயிர்.

பூனைகளுக்கு மீன்தான் தீன். கடற்கரையோரம் பிறந்த பூனைக்கு வேறென்ன தெரியும். தோணி கரைக்கு வரும் நேரம் மகள் போய் நின்றால், கழித்துப் போடுகிற சின்ன மீன்கள், சூடையும் கீரியும், பை நிறையக் கிடைக்கும். அந்த ஞாயிற்றுக்கிழமையும் அதற்குத்தான் போனாள். பல நாள் மழை ஓய்ந்து கடல் அடங்கியிருந்ததால் தோணிகள் போயிருந்தன. எங்கள் படலையைத் தாண்டும்போது நான் கேட்டேன்.

"எங்க புள்ள போறாய்?"

"பூனைக்கு மீன் எடுக்க சாச்சி."

அவளுக்குப் பதினொரு வயது. அதற்குப் பிறகு அவளைக் கண்ட எவரையும் நாங்கள் சந்திக்கவில்லை.

அன்று கடல் ஊருக்குள் ஏறியது. தண்ணீர் எங்கள் குசினிக்குள் இடுப்பளவு வந்து திரும்பியது. ராத்தாவின் வீட்டில் கடலைப் பார்த்த சுவர் முழுதாகப் போனது. அவரை அது சுருட்டிக்கொண்டு வந்து எங்கள் மதிலில் அடித்துப் போட்டது, கை முறிந்திருந்தது. தண்ணீர் வடிந்த பிறகு பார்த்தால் பூனைகள் எல்லாம் கூரை ஓட்டின் மேல் இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. அதைப் பார்த்தபோது எனக்கு வந்தது இரக்கமில்லை, ஆத்திரம். தடியெடுத்து எல்லாவற்றையும் அடித்துக் கொல்லலாம் போலிருந்தது. "பூனைக்கு" என்று அந்தப் பிள்ளை சொல்லிவிட்டுப் போன சொல் என் காதிலேயே நின்றது. ராத்தா முறிந்த கையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மற்றக் கையால் அவற்றை ஒவ்வொன்றாகக் கூப்பிட்டு இறக்கினார்.

எங்கள் பக்கத்தில் பெண்கள் மையவாடிக்குப் போவதில்லை. ஆண்கள்தான் மையத்துகளைத் தூக்கினார்கள், குழி வெட்டினார்கள், அடக்கினார்கள். முகம் தெரிந்தவர்களின் வீட்டுக்கு ஆள் வந்து, இந்தப் பக்கம், இன்னாருக்குப் பக்கத்தில், இந்தக் குழி என்று சொல்லிவிட்டுப் போனது. முகம் தெரியாதவர்களை ஒன்றாக அடக்கினார்கள். என் கணவரும் அந்த வேலையில்தான் நின்றார். அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் ராத்தா மதிலடியில் நின்று அவருடைய முகத்தைப் பார்ப்பார். அவர் தலையை மட்டும் ஆட்டுவார், இல்லை என்று. பிறகு கடைசி வரை எவரும் வந்து ராத்தாவிடம் ஒரு குழியைச் சொல்லவில்லை.

அப்போது இந்தக் கரையோரச் சனம் முழுக்க மீனை ஒதுக்கியிருந்தது. கடல் எத்தனை பேரை வைத்திருக்கிறது என்று எல்லாருக்கும் தெரியும். மீன் வாயில் வைக்க எவருக்கும் மனம் வரவில்லை. எங்கள் கடையில் அந்த மாதங்களில் நின்ற சனம் முன்னும் நின்றதில்லை, பின்னும் நின்றதில்லை. அந்தக் கூட்டத்தில் ஒருநாள் ராத்தாவும் வந்து நின்றார், பலகையும் தகரமும் வைத்து அடைத்த வீட்டிலிருந்து. "பூனைக்கு" என்றார். என் கணவர் என்னைப் பார்த்தார். நான் வேறு பக்கம் பார்த்தேன்.

கடற்பூனையை இறைச்சிக்குப் பழக்குவது லேசான காரியமில்லை. முதலில் ராத்தா அவித்துக் கொடுத்தார். அவை மணந்து பார்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டன. மஞ்சள் போட்டு அவித்தார், போடாமல் அவித்தார், சோற்றில் பிசைந்தார். ஒன்றும் எடுபடவில்லை. மீன் கழுவிய தண்ணீர் கொஞ்சம் தெளித்தால் தின்னும் என்று ஒருத்தி சொன்னதற்கு, அவளை ராத்தா பார்த்த பார்வையில் அவள் அந்த வளவுப் பக்கமே பிறகு வரவில்லை. கடைசியில் பச்சையாகக் கொடுத்தார். மண்ணீரலைச் சவரக்கத்தியால் சீவினதுபோல மெல்லிசாக அரிந்து, உள்ளங்கையில் வைத்துச் சூடு ஏறும் வரை பொத்திப் பிடித்து, சாம்பலியின் மூக்குக்கு நேரே நீட்டினார். நான் மதிலுக்கு மேலால் பார்த்துக்கொண்டு நின்றேன். சாம்பலி நக்கியது. பிறகு கடித்தது. பிறகு எங்களில் எவரும் அந்தப் பூனையிடமிருந்து கேட்டிராத ஓர் உறுமலோடு அதை இழுத்துக்கொண்டு கட்டிலுக்கு அடியில் போனது.

"பச்சை நல்லதுதானா ராத்தா?" என்று கேட்டேன். சாம்பலிக்கு அதற்குப் பிறகு வயிற்றால் போய்க்கொண்டிருந்தது.

"கறியில என்ன கிடக்கெண்டு ஆருக்குத் தெரியும் புள்ள" என்றார். "பச்சையெண்டா கண்ணால பாக்கலாம்."

வயிறு பழகியது. கொஞ்ச நாளில் வெள்ளையும் பழகியது, மற்றவையும் பழகின. இறைச்சியோடு சின்ன எலும்பையும் நொறுக்கக் கற்றுக்கொண்டன. ஊரில் பேச்சு வராமலா இருக்கும். கூடாரத்தில் பருப்பும் சோறும் தின்கிற சனம் இருக்கும்போது இவ பூனைக்கு ஈரல் வாங்குறா என்றார்கள். மகள் போன துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டது என்றும் சொன்னார்கள். அதைச் சொன்னவர்கள் வீட்டிலும் அப்போது ஒருவராவது நடுவீட்டில் நின்று ஒன்றுமில்லாததற்கு அலறிக்கொண்டுதான் இருந்தார்.

சில மாதம் போனதும் மீன் மெல்லத் திரும்பி வந்தது. தோணிக்காரர்களும் பிழைக்க வேண்டும்தானே. பள்ளிவாசலில் ஹஸரத் வெள்ளிக்கிழமை ஜும்ஆவில் பேசினார், மீன் எதைத் தின்றாலும் அது ஹலால்தான், மனதைப் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம் என்று. நிவாரண அரிசி கொடுக்க எங்கள் ஒழுங்கைக்கு வந்தபோது ராத்தாவிடமும் அதைத் தன்மையாகச் சொன்னார். பூனைக்கு இவ்வளவு கஷ்டப்பட்டு இறைச்சி வாங்கத் தேவையில்லை என்றார்.

"ஹலாலா ஹறாமா எண்டு நான் கேக்கல்ல ஹஸரத்" என்றார் ராத்தா. "அது என்ன திண்டிச்சி எண்டுதான் கேட்டன்."

ஹஸரத் நல்ல மனிதர். அரிசிப் பையைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனார்.

எங்கள் வீட்டில் மீனை முதலில் கொண்டுவந்தது என் கணவர்தான். இறைச்சிக்கடைக்காரனுக்கு இறைச்சி அலுத்துவிட்டது. "மனிசன் மாட்டையே திண்டு சீவிக்க ஏலுமா?" என்று சொல்லி ஒரு பாரை மீனைப் பையில் சுற்றி, களவெடுத்த சாமான்போல் கொண்டுவந்து வைத்தார். நான் குசினியின் மதில் பக்க யன்னலைச் சாத்தி, கதவிடுக்கில் சாக்கைத் திணித்துச் சமைத்தேன். மீனாணம் கொதிக்கிற வாசத்தை எந்தச் சாக்கு மறைக்கும். ராத்தா மதில் பக்கம் வரவில்லை. ஆனால் சாம்பலி வந்துவிட்டது. நான் தலையைத் திருப்புகிற நேரத்தில், வெட்டிப் போட்ட மீன் தலையைக் கவ்விக்கொண்டு மதிலேறிக் குதித்தது.

பின்னாலேயே ஓடினேன். ராத்தா அதைப் பிடித்து மடியில் அமுக்கி வைத்திருந்தார். வாயைப் பிளந்து விரலை விட்டு மீன் தலையை வெளியே இழுத்தார். பிறகு கிணற்றடியில் வைத்து அதன் வாயைக் கழுவினார். பூனை வாய் வைத்த தண்ணீரில் தொழுகைக்கு உளூச் செய்யலாம் என்பது எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். பூனையின் வாய் அவ்வளவு சுத்தம். அந்த வாயைத்தான் அவர் கழுவிக்கொண்டே இருந்தார். பூனை திமிறி அவருடைய இரண்டு கையையும் கிழித்தது. இரத்தம் தண்ணீரோடு ஓடியது. கதறி அழுவது எது, பூனையா ராத்தாவா என்று எனக்குச் சில நேரம் பிரித்தறிய முடியவில்லை.

"விடுங்க ராத்தா, அது பூனை" என்றேன்.

"அது அவட பூனை" என்றார். "அவட பூனைட வாய்க்குள்ள அவ போகக் கூடாது."

அதைக் கேட்ட பிறகு நான் நெடுநாள் மீன் சமைக்கவில்லை. பிறகு சமைத்தேன். எல்லாரும் சமைத்தார்கள்.

பூனைகள் கொழுத்தன. அது பார்க்கச் சகிக்காத ஒரு காட்சி. ஊரே கன்னம் ஒட்டித் திரிய, அவை எண்ணெய் பூசினதுபோல மினுமினுத்தன. பச்சை இறைச்சி தின்னத் தொடங்கியதிலிருந்து குணமும் மாறிவிட்டது. அணிலைப் பிடித்தன, புறாவைப் பிடித்தன, ஒருநாள் என் கோழிக்குஞ்சுகளையும் பிடித்தன. நான் மதிலடியில் நின்று வாய்க்கு வந்தபடி ஏசினேன். மகளைப் பற்றி மட்டும் சொல்லாமல் பல்லைக் கடித்துக்கொண்டேன். ராத்தா உள்ளே போய்த் தன்னுடைய பேட்டுக்கோழி ஒன்றைக் காலில் பிடித்துக்கொண்டு வந்து நீட்டினார். எனக்கு ஏசின வாய் சும்மா இருக்கவில்லை.

"இது எங்கால வந்த கோழி?" என்று கேட்டேன்.

ராத்தா சிரித்தார். கடலுக்குப் பிறகு நான் கண்ட ஒரே சிரிப்பு அது. நானும் சிரித்தேன். பிறகு இருவரும் மதிலின் இரண்டு பக்கமும் நின்று அழுதோம்.

இப்படியே சில வருடம் போனது. பிறகு யுத்தம் முடிந்ததென்றார்கள். சந்தியில் வெடி கொளுத்தினார்கள், கொடி கட்டினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். ராத்தா வெளியே வரவில்லை. பூனைகள் வெடிச் சத்தத்துக்குப் பயந்து கட்டிலுக்கு அடியில் கிடக்க, அவரும் தரையில் பாயைப் போட்டு அவற்றோடு படுத்திருந்தார்.

அதற்குப் பிறகுதான் வடக்கிலிருந்து மாட்டு லொறிகள் வரத் தொடங்கின. நல்ல இனம், ஆனால் எலும்பும் தோலுமாக. உள்ளூர் மாட்டைவிட மலிவு. மாடு அறுக்கிற மடுவத்தில் எல்லாருமே அதைத்தான் எடுத்தார்கள், என் கணவரும் எடுத்தார். எங்கள் வீட்டுப் பின்வளவில் தோலை உப்புப் போட்டுக் காய வைப்பது வழக்கம். ஒரு பகல் ராத்தா கோழியைத் தேடி அந்தப் பக்கம் வந்தவர் தோலடியில் நின்றுவிட்டார்.

தோலில் எங்கள் பக்கத்தில் இல்லாத குறி இருந்தது. எங்கள் பகுதியில் மாட்டுக்குச் சூட்டுக்கோலால் குறி சுடுவார்கள்; ஊருக்கு ஓர் எழுத்து, உடையவனுக்கு ஓர் எழுத்து. ராத்தாவின் வாப்பாவுக்கு ஒரு காலத்தில் சவளக்கடைப் பக்கம் பெரிய பட்டி இருந்தது. ராத்தா அந்தக் குறிகளுக்குள் வளர்ந்தவர். பிற குறியோடு ஒரு மாடு வழி தவறிப் பட்டிக்குள் வந்தால், உடையவன் தேடி வரும் வரை அதைக் கட்டித் தீன் போடுவார்களே தவிர அறுக்கவும் மாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். கலவரக் காலத்தில் ஒரே நாளில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓடி வந்த குடும்பம் அது. அந்த மாடுகள் பிறகு என்ன ஆயின என்று அவர்களுக்குத் தெரியாது.

என் கணவர் அப்போது சாப்பிட வந்திருந்தார். ராத்தா விறாந்தையில் வந்து நின்றார்.

"தம்பி, இது எங்கால வந்த மாடு?"

சவளக்கடை என்று சொல்லுங்கள் என்று நான் ராத்தாவுக்குப் பின்னால் நின்று கண்ணால் காட்டினேன். ஒரு சொல்தானே. ஆனால் அந்த மனிதர் எத்தனை வருடம் அவருக்கு உண்மையாகப் பதில் சொல்லிப் பழகியவர். சோற்றைப் பிசைந்தபடியே, "வன்னியில இருந்து ராத்தா" என்றார்.

"உடையவன் எங்க?"

அவர் சோற்றுக்குக் குனிந்தார்.

"வித்தவன் உடையவனா?"

"காட்டில அநாதையாத் திரிஞ்ச மாடு ராத்தா. ஆரோ பிடிச்சிக் கொண்டந்து விக்கிறாங்க. நான் எடுக்காட்டி வேற ஆள் எடுக்கும்."

"எங்கட வாப்பாட மாட்டையும் ஆரோ இப்பிடிச் சொல்லித்தான் அறுத்திருப்பான்" என்றார் ராத்தா. கோபமாகச் சொல்லவில்லை. அலுப்பாகச் சொன்னார். "இது மேஞ்ச புல்லுக்குக் கீழ ஆரு கிடந்தாங்களோ தம்பி."

என் கணவர் சோற்றை அளைந்துகொண்டேயிருந்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழும்பினார். அன்று இரவு எங்களுக்குள் பெரிய சண்டை. ஒரு பொய் சொல்லியிருந்தால் என்ன என்று நான் கேட்டேன். "அவவிட்ட எப்பிடிப் பொய் சொல்லுற" என்றார்.

அடுத்த வெள்ளிக்கிழமை ராத்தா கடைக்கு வரவில்லை. தெரிந்த ஆளின் மாடாகப் பார்த்துத் தனியாக எடுத்து வைக்கிறேன் என்று என் கணவர் சொல்லி அனுப்பினார். தோலை உரித்த பிறகு எது எதென்று உனக்கே தெரியாதே தம்பி என்று பதில் வந்தது. அது உண்மை. ராத்தா கோழிக்கடையில் விசாரித்தார். பண்ணைக் கோழிக்குப் போடுகிற தீனில் கருவாட்டுத் தூள் கலந்திருக்கிறது என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னார். அத்தோடு அதுவும் நின்றது. வீட்டில் நின்ற கோழிகளை ஒவ்வொன்றாக என் கணவரிடம் கொடுத்து அறுத்துப் பூனைகளுக்குப் போட்டார். அவை தீர்ந்தன. கடைசியில் சோறும் பாலும்தான்.

இறைச்சிக்குப் பழகிய பூனை சோற்றில் எப்படி வாழும். ஒன்று வீட்டை விட்டுப் போனது, திரும்பவில்லை. வெள்ளை பெரிய ரோட்டில் வேனில் அடிபட்டது. மற்றவையும் ஏதோவொரு வழியில் போயின. சாம்பலி மட்டும் மிஞ்சியது, வயதும் போய்விட்டது. மினுமினுப்பெல்லாம் போய் விலா எலும்பு தெரிந்தது. கொஞ்ச நாளில் சுவரில் முட்டத் தொடங்கியது. கண்ணைப் பார்த்தால் கருமணி விரிந்தபடி நின்றது. எனக்குப் பொறுக்கவில்லை.

"நீங்களே அதக் கொல்லுறீங்க ராத்தா" என்றேன். "அவ வச்சிட்டுப் போனதெண்டு ஒண்டே ஒண்டுதான் இருக்கு. அதையும் பட்டினி போட்டுக் கொல்லுறீங்க."

ராத்தா பூனையின் முதுகெலும்பைத் தடவிக்கொண்டிருந்தார். "எதக் குடுக்கிற புள்ள" என்றார். "கடல்லயும் மையத்து, தரையிலயும் மையத்து. எங்கால எடுத்து எதக் குடுக்கிற, சொல்லு."

சில நாள் கழித்து ஒரு பகல், லுஹர் தொழுது முடித்துவிட்டு நான் சூடை மீன் கழுவிக்கொண்டிருந்தேன். ராத்தா சாம்பலியைக் கைக்குழந்தைபோல் இடுப்பில் தூக்கிக்கொண்டு குசினி வாசலில் வந்து நின்றார். தொழுத சேலை இன்னும் தலையில் இருந்தது. பூனையைக் கீழே விட்டார்.

"ஒண்டு குடு புள்ள."

நான் மீனை அதன் முன்னால் போட்டேன். கண் தெரியாத பூனை அங்குமிங்கும் மணந்து, கண்டுபிடித்து, தலையிலிருந்து தின்னத் தொடங்கியது. ராத்தா அது தின்பதை முழுக்கப் பார்த்தார். அவருடைய முகத்தில் ஒன்றும் அசையவில்லை. அது முடித்துக் காலை நக்கியபோது, பலகையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"எனக்கும் சோறு போடு. மீனாணத்தோட போடு."

பருப்பிருக்கு, முட்டை பொரித்துத் தரட்டா என்றெல்லாம் உளறினேன். அவர் பீங்கானை நீட்டியபடியே இருந்தார். போட்டேன்.

"கிடைச்சவங்களுக்கெல்லாம் ஆம்புளைகள் வந்து இதுதான் குழி எண்டு சொன்னாங்க" என்றார், சோற்றைப் பார்த்தபடி. "எனக்கு ஒரு ஆளும் ஒண்டும் சொல்லல்ல. இத்தின வருசம் மீன ஒதுக்கி ஒதுக்கி இருந்தன். அவள ஒதுக்கின மாதிரித்தானே புள்ள அது. எங்கயோ கிடக்கிறதுக்கு எனக்குள்ள கிடக்கட்டும்."

பிஸ்மில்லாஹ் சொல்லிச் சாப்பிட்டார். அவசரமில்லாமல், ஒரு முள்ளும் தப்பாமல் எடுத்து எடுத்துப் பீங்கானின் ஓரத்தில் சேர்த்தார். என்னால் அங்கே நிற்க முடியவில்லை. அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று அழுதேன். சாப்பிட்டு முடித்ததும் ஒரு கடதாசித் துண்டு கேட்டு, முள்ளையெல்லாம் அதில் சுற்றினார்.

"பூனைக்கா ராத்தா?"

"இல்ல" என்றார்.

அஸர் நேரம் மதிலுக்கு மேலால் பார்த்தேன். தேசி மரத்துக்குக் கீழே தோட்டக் கத்தியால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தார். பொதியை வைத்து மூடி, கையால் தட்டி, தலைமாட்டில் ஒன்றும் கால்மாட்டில் ஒன்றுமாக இரண்டு குச்சி ஊன்றினார். மையத்தை அடக்கிய குழிமேட்டில் மீசான் கட்டை ஊன்றுகிற மாதிரியே. பிறகு பக்கத்தில் உட்கார்ந்து யாசீன் ஓதினார். மீன் முள்ளுக்கு மீசான் வைத்தது ஹஸரத் காதுக்குப் போனால் என்ன ஆகும் என்று எனக்குப் பயமாக இருந்தது. என் கணவரிடம்கூட நான் சொல்லவில்லை. போய்ப் பக்கத்தில் உட்கார வேண்டும் போலும் இருந்தது. அதற்கும் தைரியம் வரவில்லை.

அதற்குப் பிறகு சாம்பலி என்ன தின்கிறது என்று ராத்தா பார்ப்பதை விட்டுவிட்டார். அது என் குசினிக்கே வந்து மீன் தின்று, உடம்பும் கொஞ்சம் தேறியது. கண் மட்டும் திரும்பவில்லை. ஒரு காலை நேரம், கிளறிய மண் இளகலாக இருந்ததோ என்னவோ, அது தட்டுத் தடுமாறித் தேசி மரத்தடிக்குப் போய், ஊன்றிய இரண்டு குச்சிக்கும் நடுவே முன்காலால் தோண்டத் தொடங்கியது. அதன்மேல் ஒரு தும்புத்தடிகூடப் படாமல் இத்தனை காலம் வளர்த்த ராத்தா, குனிந்து கல்லெடுத்து எறிந்தார். கல் விலாவில் பட்டது. எந்தப் பக்கம் ஓடுவதென்று தெரியாமல் அது நின்ற இடத்திலேயே சுற்றியது. அவர் இன்னொரு கல்லும் எடுத்தார்.